கொழும்பில் குடியேறுமுன்: மழை, வெக்கை, வீடு பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

யாழ்ப்பாணம், வவுனியா, மட்டக்களப்பு, ஹட்டன் என்று எங்கிருந்தோ வேலைக்கும் படிப்புக்கும் கொழும்புக்கு வருகிறவர்கள் முதலில் விசாரிப்பது வாடகையையும் பஸ் நம்பரையும்தான். தண்ணீரைப் பற்றி யாரும் விசாரிப்பதில்லை. வந்து ஓர் ஒக்டோபர் கழிந்த பிறகுதான் அந்தக் கேள்விகள் வரும். அதற்குள் முன்பணம் கட்டி முடிந்திருக்கும். கொழும்பில் ஒரு குடும்பம் நிம்மதியாக இருப்பதும் அல்லாடுவதும் பெரும்பாலும் வீட்டைச் சுற்றித் தண்ணீர் எந்தப் பக்கம் ஓடுகிறது என்பதில்தான் தங்கியிருக்கிறது. அதனால் இந்தக் கேள்விகளை வருமுன்னே படித்துவிடுங்கள்.

கொழும்பில் மழைக்காலம் எப்போது?

ஒன்றல்ல, இரண்டு. ஏப்ரல் கடைசியில் தொடங்கி ஜூன் வரை ஒன்று; ஒக்டோபரிலும் நவம்பரிலும் இன்னொன்று. ஆண்டுக்குச் சுமார் 2,400 மி.மீ. மழை விழுகிறது. யாழ்ப்பாணத்தில் விழுவதோடு ஒப்பிட்டால் ஏறக்குறைய இரண்டு மடங்கு.

இரண்டு மழைக்கும் குணம் வேறு. மே, ஜூன் மாதங்களில் வருவது தென்மேல் பருவப்பெயர்ச்சி மழை. கடல் பக்கமிருந்து காற்றோடு வரும். நேரம் காலம் கிடையாது. விடியற்காலையிலும் பெய்யும், நடுச்சாமத்திலும் பெய்யும், சில நாள்களில் விடாமல் தூறிக்கொண்டே இருக்கும். யாழ்ப்பாணத்தில் சோளகம் வீசி வயல் காய்ந்து கிடக்கும் அதே காலம் இது. வடக்கிலும் கிழக்கிலும் வளர்ந்தவர்களுக்கு மே மாதத்தில் குடை பிடிப்பது முதல் வருஷம் விசித்திரமாகத்தான் இருக்கும்.

ஒக்டோபர், நவம்பர் மழை வேறு மாதிரி. காலையில் வானம் வெளுத்து, வெயில் சுள்ளென்று அடிக்கும். மதியத்துக்குப் பிறகு கிழக்கே கறுத்துக்கொண்டு வந்து, பள்ளிக்கூடமும் அலுவலகமும் விடுகிற நேரத்தில் இடியோடு கொட்டும். வளிமண்டலவியல் திணைக்களத்தின் அறிவிப்பில் "பிற்பகல் 1.00 மணிக்குப் பின்னர் மழை அல்லது இடியுடன் கூடிய மழை" என்று வந்தால் அதை வெறும் வழக்கமான வரி என்று விட்டுவிடாதீர்கள், அன்று குடை இல்லாமல் போனால் நனைந்துதான் திரும்புவீர்கள். மார்ச் கடைசியிலும் ஏப்ரலிலும் பெய்யும் மழையும் இதே வகைதான், அளவு கொஞ்சம் குறைவு.

ஜூலை, ஓகஸ்டில் மழை தணிந்து காற்று மட்டும் இருக்கும். ஆடிவேல் பெரும்பாலும் அந்த இடைவெளியில் வந்துவிடும். ஜனவரி, பெப்ரவரிதான் மிக வறண்ட மாதங்கள். பண்டிகைகளை வைத்து நினைவில் கொள்வது எளிது: பொங்கலுக்கு வானம் தெளிவாக இருக்கும், வெசாக் கூடுகள் நனையும், தீபாவளிக்குச் செட்டியார் தெருவில் நகை வாங்கப் போனால் பொலித்தீன் பையும் கொண்டுபோக வேண்டும்.

வெயில் எங்களுக்குப் பழக்கம்தானே. கொழும்பு வெயிலை மட்டும் ஏன் தாங்க முடியவில்லை?

வெப்பமானியைப் பார்த்தால் பெரிதாக ஒன்றும் தெரியாது. பகலில் 30, 31 பாகை, கூடினால் 32, 33. அனுராதபுரத்திலும் வவுனியாவிலும் இதைவிடக் கூடுதலாக ஏறும். இங்கே படுத்துவது ஈரப்பதன். காற்றில் ஏற்கெனவே ஈரம் நிரம்பியிருப்பதால் வியர்வை ஆவியாவதில்லை, உடம்பிலேயே தங்கிவிடுகிறது. வியர்வை ஆவியானால்தான் உடம்பு குளிரும். அது நடக்காதபோது 31 பாகை, 38 பாகை போல் உறைக்கும். மார்ச் முதல் மே வரை வளிமண்டலவியல் திணைக்களம் "மனித உடலால் உணரப்படும் வெப்பம்" என்று தனியாக எச்சரிக்கை விடுவது இதற்காகத்தான்.

இன்னொன்று, இரவு. கடலோரம் இல்லாத ஊர்களில் பகல் எவ்வளவு எரித்தாலும் இரவில் கொஞ்சம் இறங்கும். கொழும்பில் ஏப்ரல், மே இரவுகளிலும் 25 பாகை அளவில்தான் நிற்கும். ஏப்ரல் முதல் பாதியில் சூரியன் நேரே தலைக்கு மேல் வேறு வருகிறது. காற்றும் அந்த நேரம் செத்துக் கிடக்கும். வருஷத்தில் மிகக் கடினமான வாரங்கள் அவைதான். சித்திரைப் புத்தாண்டுக்குக் கொழும்பு காலியாகி ஊருக்குப் போவதை உடம்பும் வரவேற்கும்.

எந்த மாதத்தில் வந்து குடியேறுவது நல்லது?

ஜனவரியில் சாமான் ஏற்றுங்கள். ஆனால் வீட்டை ஒக்டோபர், நவம்பரில் பார்த்துவிடுங்கள். வறண்ட மாதத்தில் எல்லா வீடும் நல்ல வீடாகத்தான் தெரியும்.

எந்தெந்தப் பகுதிகளில் வெள்ளம் வரும்?

இதை இரண்டாகப் பிரித்துப் பார்க்க வேண்டும். ஒன்று ஆற்று வெள்ளம், மற்றது தெரு வெள்ளம்.

ஆற்று வெள்ளம் களனி கங்கையால் வருவது. சிவனொளிபாதமலைப் பக்கம் தொடங்கி, கித்துல்கலை, அவிசாவளை, ஹங்வெல்லை வழியாக வந்து முகத்துவாரத்தில் கடலில் விழுகிறது அந்த ஆறு. ஹட்டன், கினிகத்தேனைப் பக்கம் இரண்டு நாள் கொட்டினால், கொழும்பில் வெயிலடித்துக்கொண்டிருந்தாலும் அந்தத் தண்ணீர் இங்கே வந்தே தீரும். மாட்டிக்கொள்வது கடுவெலை, களனி, பியகம, கொலன்னாவை, வெல்லம்பிட்டி, பேலியகொடை, மட்டக்குளியின் ஆற்றோரம். 2016 மே மாதம் கொலன்னாவையிலும் கடுவெலையிலும் வீட்டுக் கூரை வரை தண்ணீர் நின்ற இடங்கள் உண்டு. 2025 நவம்பர் கடைசியில் டித்வா புயல் நாடு முழுவதும் 600க்கும் மேற்பட்டோரைக் கொன்றபோது, அதே களனிக்கரையில் மறுபடியும் அதே தெருக்களில் படகு ஓடியது. ஆற்றங்கரையில் வெள்ளத்தடுப்பு அணை இருக்கிறது. அணைக்கும் ஆற்றுக்கும் நடுவே உள்ள குடியிருப்புக்கு அந்த அணையால் ஒரு பயனும் இல்லை. வீடு அணைக்கு எந்தப் பக்கம் என்று கட்டாயம் கேளுங்கள்.

இந்த வெள்ளத்தில் ஒரு நல்ல விஷயம், அது சொல்லிவிட்டு வருகிறது. நீர்ப்பாசனத் திணைக்களம் கித்துல்கலை, கிளென்கோர்ஸ், ஹங்வெல்லை, நாகலகம் வீதி ஆகிய இடங்களில் ஆற்று மட்டத்தை அளந்து வெளியிடுகிறது. மேலே ஏறினால் கீழே ஏறும் வரை உங்களுக்குப் பல மணி நேரம் கிடைக்கும். ஹங்வெல்லையில் ஏறுகிறது என்ற செய்தி வந்த உடனே அடையாள அட்டை, பிறப்புச் சான்றிதழ், காணி உறுதி, பிள்ளைகளின் சான்றிதழ், மருந்து எல்லாவற்றையும் ஒரு பையில் கட்டிவிட வேண்டும். "போன முறை இவ்வளவுதான் வந்தது" என்று காத்திருந்தவர்கள்தான் 2025ல் கூடுதலாக இழந்தார்கள்.

தெரு வெள்ளம் வேறு. அதற்கு ஆறு தேவையில்லை. ஒன்றரை மணி நேர இடிமழை போதும். ஆமர் வீதி, மருதானை, தும்முல்லைச் சந்தி, கிருலப்பனை, வெள்ளவத்தைக் கால்வாயை ஒட்டிய ஒழுங்கைகள் என்று பல இடங்களில் முழங்கால் அளவு நிற்கும், இரண்டு மூன்று மணி நேரத்தில் வடியும். கால்வாயும் வடிகாலும் தேங்கினால் இன்னும் நேரம் எடுக்கும். 1992 ஜூனில் ஒரே நாளில் 490 மி.மீ.க்கும் மேல் மழை கொட்டியது இந்த நகரத்தில். 2010 நவம்பரில் கோட்டேயில் நாடாளுமன்ற வளாகமே தண்ணீரில் நின்றது. அதன் பிறகுதான் உலக வங்கிக் கடனோடு கால்வாய் திருத்தும் பெரிய வேலைகள் தொடங்கின. பல இடங்களில் பலன் தெரிகிறது, எல்லா இடத்திலும் அல்ல.

வெள்ளவத்தை, பம்பலப்பிட்டி, கொள்ளுப்பிட்டியில் காலி வீதியை ஒட்டிய மேடான பகுதிகள் ஓரளவு தப்பும். கொட்டாஞ்சேனையிலும் மேடு உண்டு, பள்ளம் உண்டு. ஒரே வீதியின் இரண்டு முனைகளுக்கும் வித்தியாசம் இருக்கும். ஆகவே "கொழும்பு 13ல் வெள்ளம் வருமா" என்று கேட்டால் சரியான பதில் கிடைக்காது. ஒழுங்கையின் பெயரைச் சொல்லிக் கேளுங்கள்.

சரி, வீடு பார்க்கப் போகும்போது எதைக் கவனிக்க வேண்டும்?

முதலில் வீதி, பிறகு வீடு. கொழும்பில் பல வீதிகளுக்குத் திரும்பத் திரும்பத் தார் போட்டு மட்டம் ஏறிவிட்டது. பழைய வீடுகளோ இருந்த இடத்திலேயே இருக்கின்றன. கேற்றுக்கு வெளியே நின்று பாருங்கள். வீதியிலிருந்து முற்றத்துக்கு இறங்கிப் போக வேண்டியிருந்தால் மழைத் தண்ணீரும் அதே வழியில் இறங்கி வரும். சுவரின் அடியில் ஒரு முழ உயரத்துக்கு மட்டும் புதுப் பெயின்ட் தெரிந்தால் ஏன் என்று கேளுங்கள். பிளக் பொயிண்டுகள் எல்லாம் இடுப்பு உயரத்தில் வைத்திருந்தால் அதற்கும் காரணம் இருக்கும். குளியலறைத் தரையில் ஒரு வாளி தண்ணீரை ஊற்றி, எவ்வளவு நேரத்தில் வடிகிறது என்று பாருங்கள். அலுமாரிக்குள் தலையை விட்டு மணந்து பாருங்கள். பூஞ்சண வாடை அடித்தால் அந்தச் சுவர் ஈரம் குடிக்கிறது.

வீட்டுக்காரரும் புரோக்கரும் சொல்லாததைத் தெருமுனைக் கடைக்காரர் சொல்வார். ஒரு சோடா வாங்கிக் குடித்துக்கொண்டே, "2016ல் இங்கே எவ்வளவு வந்தது அண்ணை, 2025ல்?" என்று கேட்டால் போதும். கையால் உயரம் காட்டுவார்.

உடன்படிக்கையில் மழைக்கசிவு, தண்ணீர் மோட்டர், ஏசி சர்விஸ் ஆகியவை யார் செலவு என்று எழுதிக்கொள்ளுங்கள். ஆறு மாதம், ஒரு வருஷம் என்று முன்பணம் வாங்குகிற ஊர் இது. பணம் கைமாறிய பிறகு கசிவைப் பற்றிப் பேசுவது கடினம்.

கடற்கரைப் பக்கம் வீடு எடுப்பது நல்லதா?

காற்றுக்கு நல்லது. மரைன் டிரைவ் பக்கம் பின்னேரத்தில் வீசும் கடல் காற்று, ஒரு கிலோமீற்றர் உள்ளே போனால் கட்டடங்களுக்கு நடுவே அகப்பட்டு இல்லாமல் போய்விடும். ஆனால் உப்பு எல்லாவற்றையும் தின்னும். ஜன்னல் கம்பி, ஏசியின் வெளிப்பெட்டி, கேற் பூட்டு, குளிர்சாதனப் பெட்டியின் பின்பக்கம், கணினி, ஒன்றையும் விடாது. மே, ஜூன் மாதங்களில் மேற்குப் பக்க ஜன்னலைத் திறக்க முடியாதபடி சாரல் அடிக்கும். பின்னேர வெயிலும் அந்தப் பக்கச் சுவரில்தான் விழும். பித்தளைப் பூட்டும் அலுமினிய ஜன்னலும் உள்ள வீடாகப் பாருங்கள்.

தொடர்மாடியில் எத்தனையாவது மாடி நல்லது?

நடு மாடிகள். கடைசி மாடிக்கு மேல் வெறும் கொங்கிறீட் தட்டுதான். பகல் முழுக்கக் காய்ந்து, இரவு பத்து மணிக்கும் சூட்டை உள்ளே இறக்கிக்கொண்டிருக்கும். கீழ் மாடிக்கு ஈரமும் நுளம்பும். மேலே எடுப்பதானால் லிப்டுக்கும் தண்ணீர் மோட்டருக்கும் ஜெனரேற்றர் இருக்கிறதா என்று பாருங்கள், ஏனென்றால் கரண்ட் போனால் மோட்டர் ஓடாது, மோட்டர் ஓடாவிட்டால் தண்ணீர் இல்லை. 2022ல் ஒரு கட்டத்தில் நாளுக்கு 13 மணி நேரம் மின்வெட்டு இருந்தபோது எட்டாம் மாடிக்கு வாளியில் தண்ணீர் சுமந்த குடும்பங்கள் உண்டு.

குழாய்த் தண்ணீரைக் குடிக்கலாமா?

கொழும்புக்குத் தண்ணீர் களனி கங்கையிலிருந்து அம்பத்தளையில் சுத்திகரிக்கப்பட்டும், லபுகமை, களட்டுவாவை நீர்த்தேக்கங்களிலிருந்தும் வருகிறது. நிலையத்தை விட்டு வெளியேறும்போது நல்ல தண்ணீர்தான். நகரத்துக் குழாய்கள் பழையவை, உங்கள் கூரைத் தண்ணீர்த் தாங்கி எப்போது கழுவப்பட்டது என்பதும் தெரியாது. கொதிக்க வைத்து ஆறவிட்டுக் குடியுங்கள். யாழ்ப்பாணத்துக் கிணற்று நீரோடு ஒப்பிட்டால் இது மென்மையான தண்ணீர். கேத்தலில் சுண்ணாம்பு படியாது, சவர்க்காரம் நன்றாக நுரைக்கும். வறட்சி நீண்டால் ஆற்றில் நீர் குறைந்து கடல்நீர் மேலேறும். அதைத் தடுக்கத்தான் அம்பத்தளைப் பக்கம் ஆற்றில் தடுப்பு.

மின்சாரப் பில்லைக் குறைக்க வழி?

யூனிட் கூடக் கூட ஒவ்வொரு யூனிட்டின் விலையும் படிப்படியாக ஏறும் முறை இங்கே. ஏசியை இரவு முழுதும் ஓட விட்டால் நேரே மேல்படிக்குப் போய்விடுவீர்கள். படுக்குமுன் ஒரு மணி நேரம் போட்டு, அறை வறண்டதும் நிறுத்தி, மின்விசிறியில் படுப்பது பலர் கைக்கொள்ளும் வழி. மேற்குச் சுவருக்கு வெளியே பச்சை வலை கட்டினாலும் சூடு நன்றாகக் குறையும். அனெக்ஸ் எடுக்கிறவர்கள் தனி மீற்றர் கேளுங்கள். வீட்டுக்காரரின் மீற்றரில் சேர்ந்தால் அவருடைய ஏசியும் சேர்ந்து உங்கள் யூனிட் விலையை ஏற்றும்.

உடுப்பு காயவில்லை, எல்லாவற்றிலும் பூஞ்சணம். என்ன செய்வது?

ஜூனில் இது எல்லா வீட்டிலும் இருக்கும் தொல்லை. பள்ளிக்கூட வெள்ளைச் சீருடை மூன்று சோடியாவது வேண்டும், இரண்டு போதாது. தோல் சப்பாத்து, இடுப்புப் பட்டி, கைப்பை ஆகியவற்றை மூடிய அலுமாரியில் வைக்காமல் காற்றுப் படும் இடத்தில் வையுங்கள். அலுமாரியைச் சுவரோடு ஒட்டாமல் நாலு விரல் தள்ளி வையுங்கள். பட்டுச் சேலையை மாதம் ஒரு முறை விரித்து மடிப்பு மாற்றுவது வீண் வேலை அல்ல.

சமையலறையில் முதலில் கெடுவது ஊரிலிருந்து வரும் மிளகாய்த்தூள். அம்மா ஒரு வருஷத்துக்கு இடித்துக் கட்டிக் கொடுத்தாலும் இங்கே அலுமாரியில் அவ்வளவு நாள் நிற்காது. சின்னச் சின்னப் போத்தல்களில் பிரித்து, ஒன்றை வெளியே வைத்து மற்றவற்றைப் பிறீசரில் போடுங்கள். ஒடியல் மா, அரிசி மாவுக்கும் அதே கதிதான். வடகம் போடும் ஆசை இருந்தால் பெப்ரவரியில் போடுங்கள்.

டெங்குக்குப் பயப்பட வேண்டுமா?

பயப்படத்தான் வேண்டும். கொழும்பும் கம்பஹாவும் நாட்டிலேயே டெங்கு மிக அதிகமாகப் பதிவாகும் மாவட்டங்கள். 2017ல் நாடு முழுவதும் 186,000க்கு மேற்பட்ட நோயாளிகள் பதிவாகினர், நூற்றுக்கணக்கானோர் இறந்தார்கள். மே, ஜூன் மழைக்குப் பிறகு ஒரு முறையும், ஆண்டுக் கடைசி மழைக்குப் பிறகு இன்னொரு முறையும் ஏறும்.

டெங்கு நுளம்பு அழுக்குக் கானில் வளர்வதில்லை. தெளிந்து தேங்கிய நீரில், வீட்டைச் சுற்றித்தான் வளர்கிறது. யோகட் கப், பூச்சட்டித் தட்டு, குளிர்சாதனப் பெட்டியின் பின் தட்டு, கூரைப் பீலி, கட்டி முடியாத கட்டடத்தின் தட்டு எல்லாம் அதற்குப் போதும். புதிய தொடர்மாடிகள் எழும் தெருக்களில் எழும்பிக்கொண்டிருக்கும் கட்டடமே பெரிய ஆபத்து. அங்கே தண்ணீர் தேங்கக் கண்டால் பொதுச் சுகாதாரப் பரிசோதகருக்கு அறிவியுங்கள். 2007ஆம் ஆண்டின் 11ஆம் இலக்க நுளம்பு பெருக்கத் தடைச் சட்டத்தின்படி அவர் வழக்குப் போடலாம். உங்கள் வீட்டில் தேங்கினாலும் போடுவார், அது நியாயம்தான். கடிப்பது விடிந்த பிறகும் பொழுது சாயுமுன்னும். அதனால் இரவு வலை மட்டும் போதாது, பிள்ளைக்குப் பள்ளிக்கூடம் போகுமுன் நுளம்பு விரட்டும் கிறீம் பூசிவிடுங்கள்.

காய்ச்சல் வந்தால் பரசிட்டமோல் மட்டும். இபுபுரூபன், மெபனமிக் அசிட், அஸ்பிரின் வேண்டவே வேண்டாம், இரத்தக்கசிவைக் கூட்டும். வைத்தியர் சொல்கிறபடி இரத்தப் பரிசோதனை செய்யுங்கள். ஒன்றை மட்டும் மனதில் பதித்துக்கொள்ளுங்கள்: டெங்கில் காய்ச்சல் இறங்கும் நேரம்தான் ஆபத்தான நேரம். "காய்ச்சல் விட்டுவிட்டது, நாளைக்கு வேலைக்குப் போகலாம்" என்று இருந்துவிட்ட இளைஞர்கள் பலரை இந்த ஊர் இழந்திருக்கிறது. வயிற்று வலி, தொடர் வாந்தி, கை கால் குளிர்தல், மூத்திரம் குறைதல் என்று எது தெரிந்தாலும் அந்த நிமிஷமே வைத்தியசாலைக்குப் போங்கள். தனியாக அறையில் இருக்கும் பிள்ளைகளுக்கு இதைச் சொல்லிக் கொடுத்து அனுப்புங்கள்.

வெள்ளத்தில் இறங்கி நடந்தவர்களுக்கு எலிக்காய்ச்சலும் வரும். கால் புண்ணோடு வெள்ளத்தில் இறங்காதீர்கள்; இறங்கவேண்டி வந்தால் சுகாதார வைத்திய அதிகாரி அலுவலகத்தில் தடுப்பு மருந்து கேளுங்கள்.

காற்று எப்படி?

மே முதல் செப்டெம்பர் வரை கடல் காற்று கழுவிவிடும். டிசம்பர் முதல் மார்ச் வரை வாடை வீசும்போது இந்தியப் பக்கத்துத் தூசும் புகையும் சேர்ந்து வருகின்றன. 2022 டிசம்பரில் அது அவ்வளவு மோசமாகி, 9ஆம் திகதி பாடசாலைகளை மூட வேண்டி வந்தது. முட்டு வருத்தம் உள்ளவர்கள் அந்த மாதங்களில் காலை நடையைப் பிரதான வீதியோரம் வைத்துக்கொள்ள வேண்டாம்.

மழை நாளில் வேலைக்குப் போய்த் திரும்புவது எப்படி?

மழை தொடங்கி பத்து நிமிஷத்தில் பிக்மீயிலும் ஊபரிலும் ஓட்டோ கிடைக்காது, கிடைத்தாலும் விலை ஏறியிருக்கும். காலி வீதி 100, 101 பஸ்கள் வரும், ஆனால் ஊர்ந்துதான் வரும். வெள்ளவத்தை, தெஹிவளைப் பக்கம் இருப்பவர்களுக்கு கோட்டையிலிருந்து கரையோர ரயில்தான் கைகொடுக்கும். நெரிசல் இருந்தாலும் சந்திகளில் சிக்காது. கொழும்பில் இலகு ரயில் அமைக்கும் திட்டம் 2020ல் கைவிடப்பட்டது. மழை நாளில் பொரளைச் சந்தியில் நிற்கும் ஒவ்வொருவரும் அதன் இழப்பை உணர்கிறார்கள்.

வேலை இடத்தில் ஒரு சோடிச் செருப்பும் ஒரு மாற்றுச் சட்டையும் வைத்திருங்கள். நனைந்த உடுப்போடு ஏசிக்குள் எட்டு மணி நேரம் இருந்தால் நடுங்கத்தான் வேண்டும். தண்ணீர் நிற்கும் வீதியில் கானோரமாக நடக்காதீர்கள், மூடி இல்லாத கான்கள் கண்ணுக்குத் தெரியாது.

பெரிய மரங்களின் கீழ் ஒதுங்காதீர்கள். பழைய வீதியோர மரங்கள் இந்த நகரத்தின் அழகும் நிழலும்தான்; ஆனால் வேரைச் சுற்றிக் கொங்கிறீட் போட்டு, தோண்டித் தோண்டி அவற்றை வலுவிழக்கச் செய்துவிட்டோம். 2023 ஒக்டோபர் 6ஆம் திகதி கொள்ளுப்பிட்டியில் ஓடும் பஸ் மீது மரம் விழுந்து ஐந்து பேர் இறந்தார்கள். இடி முழக்கம் கேட்டதும் தொலைக்காட்சி, இன்டர்நெட் ரவுட்டர் இரண்டின் வயரையும் கழற்றிவிடுங்கள்.

மழைக்காலத்தில் மீன் ஏன் விலை ஏறுகிறது?

தென்மேல் பருவத்தில் மேற்குக் கடல் கொந்தளிக்கும். நீர்கொழும்பிலிருந்தும் பேருவளையிலிருந்தும் சிறு படகுகள் போக முடியாது. அதே நேரம் கிழக்குக் கடல் அமைதியாக இருக்கும். திருகோணமலை, மட்டக்களப்பு, முல்லைத்தீவு மீன்தான் அப்போது லொறியில் ஐஸ் போட்டு பேலியகொடைக்கு வரும். மரக்கறி வேறு கதை. நுவரெலியாவில் மழை அடித்தால் கரட்டும் லீக்ஸும் இரண்டு நாளில் ஏறும். அந்த நேரத்தில் பூசணி, வாழைக்காய், முருங்கைக்காய்ப் பக்கம் போவது நல்லது. மே, ஜூனில் கறுத்தக்கொழும்பான் மாம்பழம் வெள்ளவத்தைக்கு வந்துவிடும். மழையை மறக்கச் செய்ய அது ஒன்று போதும்.

கடலில் குளிக்கலாமா?

டிசம்பர் முதல் மார்ச் வரை கல்கிசையில் குளிக்கலாம். மே முதல் ஓகஸ்ட் வரை வேண்டாம். வெள்ளவத்தைப் பாறைகளுக்கு நடுவே எந்த மாதமும் வேண்டாம்.

முன்பை விட வெக்கையும் வெள்ளமும் கூடிவிட்டதாகச் சொல்கிறார்களே, உண்மையா?

மழை ஒருபுறம் இருக்கட்டும், மழை விழும் நிலம் மாறிவிட்டது. கொழும்பு சதுப்பின் மேல் அமர்ந்த நகரம். கோட்டே, பத்தரமுல்லை, தலவத்துகொடை, கொலன்னாவைப் பக்கமிருந்த வயலும் சதுப்பும்தான் மழைநீரை வாங்கி வைத்து மெதுவாக விடுகிற பஞ்சு. அதன் பெரும்பகுதி மண் நிரப்பி வீடும் கடையுமாகிவிட்டது. 2018ல் உலகிலேயே முதலாவதாக ராம்சார் ஈரநில நகரம் என்ற அங்கீகாரம் பெற்ற 18 நகரங்களில் கொழும்பும் ஒன்று. அந்தப் பெருமை நமக்குத் தகும் என்றால், பெத்தகானை, தியசரு போன்ற மிஞ்சிய சதுப்புத் துண்டுகளை ஒரு பேர்ச்சும் விடாமல் காப்பாற்ற வேண்டும். ஒருவர் தன் காணியை உயர்த்தி நிரப்பும்போது அந்தத் தண்ணீர் மறைந்துவிடாது. பக்கத்து வீட்டுக்குப் போகும். பக்கத்து வீட்டுக்காரர் பெரும்பாலும் நிரப்பியவரைவிட வசதி குறைந்தவராகவே இருக்கிறார். மீதொட்டமுல்லையைப் பாருங்கள்: தாழ்நிலத்தில் குப்பையை மலையாகக் குவித்து, 2017 ஏப்ரல் 14ஆம் திகதி, புத்தாண்டன்று, அது சரிந்து 30க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். ஊரார் அதற்கு முன்பே எத்தனையோ முறை முறையிட்டிருந்தார்கள்.

வெக்கையும் அப்படித்தான். மரமும் மண்ணும் இருந்த இடத்தில் கண்ணாடியும் கொங்கிறீட்டும் வந்திருக்கின்றன, ஒவ்வொரு ஏசியும் உள்ளே குளிர்வித்து வெளியே சூட்டைத் தள்ளுகிறது. மின்விசிறி மட்டும் உள்ள வீட்டுக்காரர் அந்தச் சூட்டையும் சேர்த்து அனுபவிக்கிறார். புதிதாக வருகிறவர்களிடம் நான் கேட்பது ஒன்றுதான்: காணி வாங்கும் நிலைக்கு வந்தால், நிரப்பிய சதுப்பு நிலம் மலிவாகக் கிடைக்கிறதென்று வாங்காதீர்கள்.

அவசரத்தில் யாரை அழைப்பது?

வெள்ளம், புயல் என்றால் அனர்த்த முகாமைத்துவ நிலையம் 117. அம்புலன்ஸ் 1990, கட்டணம் இல்லை. பொலிஸ் 119, தீயணைப்பு 110. கரண்ட் போனால் 1987. கோட்டே, நுகேகொடை, மொரட்டுவை, களனிப் பக்கம் லெகோ கம்பனியின் மின்சாரம் என்றால் 1910. தண்ணீர் வராவிட்டால் 1939. வாடகை வீட்டிலிருந்தாலும் கிராம சேவகரிடம் பதிந்து வையுங்கள். வெள்ள நிவாரணமும் இழப்பீடும் அவருடைய பட்டியல் வழியாகத்தான் வரும். பெயர் இல்லாத வாடகைக் குடும்பங்கள் ஒவ்வொரு முறையும் வெறுங்கையோடு நிற்கிறார்கள். குடிவந்த முதல் வாரத்திலேயே வாடகை உடன்படிக்கையின் பிரதியோடு போய் அந்த வேலையை முடித்துவிடுங்கள்.